கீமோ, ரேடியேஷனோடு இம்யூனோதெரபியையும் இப்போதே சேர்த்தால் என்ன?

பின்வரிசை

அப்பாவுக்கு 64 வயது. நுரையீரலில் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்றுநோய், ஸ்டேஜ் 3பி. நடு மார்பு நெறிக்கட்டிகளிலும் இருப்பதால் அறுவை சிகிச்சைப் பேச்சே இல்லை. டாக்டர் சொன்னது இது: ஆறு வாரம் கீமோவும் ரேடியேஷனும் ஒன்றாக, முடிந்ததும் ஒரு ஸ்கேன், நோய் வளராமல் இருந்தால் டுர்வாலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து ஒரு வருடம். "அதற்குள் இன்னொரு ரிப்போர்ட்டும் வந்துவிடும், பார்த்து முடிவு செய்வோம்" என்றும் சொன்னார்.

எனக்கு மனது ஆறவில்லை. இம்யூனோதெரபிதான் இப்போது பெரிய மருந்து என்று எல்லாரும் சொல்கிறார்கள், அப்படியென்றால் அதை எதற்கு ஆறேழு வாரம் தள்ளிப்போட வேண்டும்? மூன்றையும் சேர்த்து ஒரேயடியாக அடித்தால் என்ன? இன்னொரு குழப்பமும் இருக்கிறது. கீமோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், இம்யூனோதெரபி அதே எதிர்ப்புச் சக்தியை வைத்துத்தான் வேலை செய்யும். ஒருவர் பள்ளம் தோண்ட இன்னொருவர் மூடுகிற கதையாக இல்லையா? டாக்டரிடம் கேட்டேன், "வரிசை முக்கியம்மா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள், நானும் எழுந்து வந்துவிட்டேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்று_டோஸ்

நான் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் ஆள், அப்பா கேஸ் வேறு. ஆனால் "சேர்த்து அடி" என்பதை உடம்பில் வாங்கிப் பார்த்தவன். இப்போது வேலையில் இருக்கிறேன், இரவு விவரமாக எழுதுகிறேன். அதுவரை எதையும் டாக்டரிடம் போய் வற்புறுத்த வேண்டாம்.

ஆய்வகத்து_எலி

நான் டாக்டர் இல்லை, டி செல் என்ற எதிர்ப்பு அணுக்களோடு ஆய்வகத்தில் குப்பை கொட்டுகிறவன். அந்த அளவுக்கு மட்டும் நம்புங்கள்.

முதலில் இந்த மருந்துகள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். டி செல் ஒரு குதிரை என்றால் பி.டி-1 என்ற புரதம் அதன் கடிவாளம். உடம்பே வைத்திருக்கும் கடிவாளம், இல்லாவிட்டால் டி செல்கள் நம்மையே தின்றுவிடும். கட்டி தன் மேல் பி.டி-எல்1 என்ற புரதத்தை வளர்த்து அந்தக் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறது. டுர்வாலுமாப், பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் எல்லாம் அந்தப் பிடியை விடுவிக்கும் மருந்துகள். ஜேம்ஸ் அலிசன் சி.டி.எல்.ஏ-4 என்ற வேறொரு கடிவாளத்தையும் தசுகு ஹோன்ஜோ பி.டி-1ஐயும் ஆராய்ந்ததற்காகத்தான் 2018இல் இருவருக்கும் நோபல் கொடுத்தார்கள்.

ஆனால் குதிரையே இல்லாத இடத்தில் கடிவாளத்தை அறுத்து என்ன பயன்? பல கட்டிகளுக்குள் டி செல்களே போவதில்லை. கீமோவைச் சேர்ப்பதற்கான காரணங்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. சில கீமோ மருந்துகளால் சாகும் புற்றுசெல் சத்தமில்லாமல் சாவதில்லை, உள்ளே இருந்த சரக்கையெல்லாம் வெளியே கொட்டி, அபாயச் சமிக்ஞையும் கொடுத்துவிட்டுச் சாகிறது. டி செல்களுக்கு எதைத் தேட வேண்டும் என்று அப்போதுதான் தெரிகிறது. கட்டிக்குள் உட்கார்ந்து டி செல்களை அடக்கி வைக்கும் சில அணுக்களையும் கீமோ குறைக்கிறது. அப்புறம், இம்யூனோதெரபி வேலை காட்ட வாரக்கணக்கில் ஆகலாம், அதுவரை நோய் கைமீறிப் போகாமல் கீமோ பிடித்து வைக்கும்.

"எதிர்ப்புச் சக்தி குறையும்" என்பது பாதி உண்மை. கீமோவில் முக்கியமாக விழுவது கிருமிகளோடு மல்லுக்கட்டும் வெள்ளணுக்கள், அவை ஒவ்வொரு சுற்றிலும் இறங்கி ஏறும். அதனால் இம்யூனோதெரபி வீணாகிவிடுவதில்லை. கீநோட்-189 என்ற சோதனையில் ஸ்டேஜ் 4 நுரையீரல் புற்றுநோய் உள்ள 616 பேரில் கீமோவோடு பெம்ப்ரோலிசுமாப் பெற்றவர்களில் 69.2 சதவீதம் பேர் ஒரு வருட முடிவில் உயிரோடு இருந்தார்கள், கீமோ மட்டும் பெற்றவர்களில் 49.4 சதவீதம். இத்தனைக்கும் அந்தக் கீமோவுக்கு முன்னும் பின்னும் ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம். மூன்று ஏற்பிகளும் இல்லாத ("டிரிபிள் நெகட்டிவ்") மார்பகப் புற்றுநோயில் கீநோட்-522 சோதனையும் அப்படித்தான், அறுவைக்கு முன் கீமோவோடு சேர்த்துக் கொடுத்தபோது, அறுத்துப் பார்க்கையில் புற்றுசெல்லே மிச்சமில்லாதவர்கள் 51.2இலிருந்து 64.8 சதவீதமானார்கள்.

ஆகவே சேர்ப்பது பொதுவாகத் தவறு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் உங்கள் அப்பாவுக்குக் கீமோவோடு ரேடியேஷனும் இருக்கிறது, அங்கே கதை மாறுகிறது. டாக்டர் சொன்ன திட்டம் பசிஃபிக் என்ற சோதனையிலிருந்து வந்தது. கீமோ-ரேடியேஷன் முடிந்து நோய் வளராதவர்களுக்கு டுர்வாலுமாப் ஒரு வருடம். ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 42.9 சதவீதம், டுர்வாலுமாப் பெறாதவர்களில் 33.4. இதைப் பார்த்ததும் எல்லாருக்கும் உங்களுக்கு வந்த அதே யோசனைதான் வந்தது: முதல் நாளிலிருந்தே சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்குமே! பசிஃபிக்-2 என்று அதையும் சோதித்தார்கள். பலன் இல்லை. நோய் கட்டுக்குள் இருந்த காலம் நம்பும்படியாக நீளவில்லை, பக்கவிளைவால் மருந்தை நிறுத்தியவர்கள்தான் டுர்வாலுமாப் குழுவில் அதிகமானார்கள். நிவோலுமாபை வைத்துச் செய்த இன்னொரு சோதனையும் 2024இல் கைவிரித்துவிட்டது.

"வரிசை முக்கியம்மா" என்று உங்கள் டாக்டர் சொன்ன ஒரு வரிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

பின்வரிசை

இதை அவரே இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால் நான் மூன்று இரவு விழித்திருக்க மாட்டேன். நன்றி. ஆனால் ஏன் பலன் இல்லை? ரேடியேஷனும் செல்லைக் கொல்கிறது, அதுவும் சரக்கை வெளியே கொட்டும்தானே?

கதிரறை

என் துறை, அதனால் நான் வருகிறேன். கதிர்வீச்சுக் கருவியை இயக்குவது என் வேலை.

கொட்டும், உண்மைதான். ஆனால் உடம்பிலேயே கதிருக்கு மிகச் சீக்கிரம் சாகிற அணுக்களில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணு முக்கியமானது, டி செல் என்பதும் லிம்ஃபோசைட்தான். அப்பாவுக்குப் பெரும்பாலும் 60 கிரே (கதிரை அளக்கும் அலகு), 30 பிரிவாக, வாரத்துக்கு ஐந்து நாள் கொடுப்பார்கள். நெஞ்சுக்குள் இதயமும் பெரிய ரத்தக் குழாய்களும் இருக்கின்றன, ஒவ்வொரு நாளும் அவ்வழியாக ஓடும் ரத்தத்தில் உள்ள லிம்ஃபோசைட்டுகள் அடிவாங்கும். நெறிக்கட்டிகள் வேறு, அவைதான் டி செல்லுக்குப் பள்ளிக்கூடம், நோய் அங்கேயும் இருப்பதால் அவற்றையும் சேர்த்துத்தான் சுட வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுப் பள்ளிக்கூடத்தையே இடிக்கிற மாதிரி. தலை, கழுத்துப் புற்றுநோயில் அவெலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைக் கீமோ-ரேடியேஷனோடு சேர்த்தபோதும் தோற்றது, பெம்ப்ரோலிசுமாபைச் சேர்த்தபோதும் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. காரணம் இதுவாக இருக்கலாம் என்பது எங்களில் பலருடைய ஊகம், முடிந்த முடிவு இல்லை.

ஏன் ஊகம் என்கிறேன் என்றால், கருப்பைவாய்ப் புற்றுநோயில் இதே மாதிரி சேர்த்தது ஜெயித்துவிட்டது! கீநோட்-ஏ18. கீமோ-ரேடியேஷனோடு பெம்ப்ரோலிசுமாப், மூன்று வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 82.6 சதவீதம், இல்லாமல் 74.8. ஒரு உறுப்பில் வேலை செய்ததை அடுத்ததுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது.

இணையத்தில் "அப்ஸ்கோபல்" என்று ஒரு சொல்லைப் பார்ப்பீர்கள். ஓரிடத்தில் கதிர் கொடுத்தால் வேறிடத்தில் உள்ள கட்டியும் கரைவது. 1953இல் மோல் என்பவர் வைத்த பெயர். 2012இல் இபிலிமுமாப் (எலி சொன்ன சி.டி.எல்.ஏ-4 கடிவாளத்தை அறுக்கும் மருந்து) எடுத்துக்கொண்டிருந்த ஒரு மெலனோமா நோயாளிக்கு அப்படி நடந்ததை எழுதியதும் பெரிய பரபரப்பு. நானும் வருடக்கணக்காக அறையில் நிற்கிறேன், என் கண் முன்னால் ஒன்றுகூட நடக்கவில்லை. நடக்காது என்று சொல்ல வரவில்லை. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கேள்விக்குறி

எல்லாரும் அழகாகக் குதிரை, பள்ளிக்கூடம் என்று கதை சொல்கிறீர்கள். ஆனால் "ஒன்றுக்கொன்று கைகொடுக்கிறது" என்பதே பெரும்பாலும் மருந்துக் கம்பெனிப் பேச்சு என்பது என் கட்சி. 2017இல் ஆடம் பால்மர், பீட்டர் சார்ஜர் என்ற இருவர் பழைய சோதனைகளின் எண்களை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பல கூட்டு மருந்துகளின் பலனை விளக்க, இரண்டும் கைகோத்தன என்று சொல்லவே தேவையில்லை. சிலருக்கு முதல் மருந்து கேட்கும், சிலருக்கு இரண்டாவது கேட்கும், இரண்டையும் கொடுத்தால் இரண்டில் எதற்காவது மசிகிறவர்கள் எண்ணிக்கை கூடும், அவ்வளவுதான். அதாவது ஒரே ஆளுக்கு இரட்டைப் பலன் இல்லை, யாருக்கு எது கேட்கும் என்று தெரியாததால் இரண்டையும் போடுகிறோம். பக்கவிளைவு மட்டும் எல்லாருக்கும் இரட்டை!

எபகாடோஸ்டாட் என்ற மருந்து ஞாபகம் இருக்கிறதா? பெம்ப்ரோலிசுமாபோடு சேர்த்தால் பிரமாதம் என்று சின்னச் சோதனையை வைத்து ஊரெல்லாம் பறையடித்தார்கள். 2018இல் பெரிய மெலனோமா சோதனை வந்தது, ஒரு பலனும் இல்லை. வரிசையாக எத்தனையோ சோதனைகளை மூட்டை கட்டினார்கள்.

ஆய்வகத்து_எலி

கேள்விக்குறி, பால்மர் கணக்கை ஒப்புக்கொள்கிறேன், எங்கள் ஆய்வகத்திலேயே அதை வைத்துச் சண்டை நடந்திருக்கிறது. ஆனால் நோயாளியின் பக்கம் நின்று பாருங்கள். எனக்கு எது கேட்கும் என்று முன்கூட்டியே தெரியாது, முதல் மருந்து தோற்றால் இரண்டாவதை முயல உடம்பில் தெம்பு இருக்குமா என்றும் தெரியாது. அப்போது இரண்டையும் ஒன்றாக எடுப்பதே புத்திசாலித்தனமாக இருக்கலாம், கைகோத்தாலும் கோக்காவிட்டாலும். பரவிய சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் என்ஃபோர்டுமாப் வெடோட்டின் என்ற மருந்தும் பெம்ப்ரோலிசுமாபும் சேர்ந்தபோது இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் அதைத் தாண்டி உயிரோடு இருந்தார்கள்) 31.5 மாதம், வழக்கமான கீமோவில் 16.1. இதைக் கம்பெனிப் பேச்சு என்று தள்ள முடியுமா? கல்லீரல் புற்றுநோயில் அடெசோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தும் பெவாசிசுமாபும் சேர்ந்தது அதுவரை இருந்த சோராஃபெனிப் மாத்திரையைத் தாண்டியது. அங்கே இரண்டாவது மருந்து கட்டியின் ரத்தக்குழாய்களைச் சரிசெய்து டி செல்களுக்கு வழி திறக்கிறது என்பது கோட்பாடு. கூடவே ரத்தக்கசிவு அபாயமும் வருவதால் உணவுக்குழாயில் வீங்கிய நாளங்கள் இருக்கின்றனவா என்று எண்டோஸ்கோப்பி பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்கள்.

சேர்க்கத் தேவையே இல்லாத இடமும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் தப்பு. டி.என்.ஏ. பிழைதிருத்தம் பழுதான மலக்குடல் புற்றுநோயில் டோஸ்டார்லிமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து ஒன்றை மட்டும் ஆறு மாதம் கொடுத்தார்கள். 2022இல் வெளிவந்த முடிவில், சிகிச்சையை முடித்திருந்த 12 பேருக்கும் கட்டி மறைந்திருந்தது. கீமோ இல்லை, கதிர் இல்லை, கத்தி இல்லை. சின்ன எண்ணிக்கைதான், அபூர்வ வகைதான். ஆனாலும் கட்டியின் சுபாவம் தெரிந்தால் பாதி மருந்தைக் குறைக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மூன்று_டோஸ்

சொன்னபடி வந்துவிட்டேன். எனக்கு இபிலிமுமாபும் நிவோலுமாபும் சேர்த்துக் கொடுத்தார்கள், அதாவது இரண்டு கடிவாளத்தையும் ஒன்றாக அறுத்துவிட்டார்கள். நான்கு டோஸ் திட்டம், என் பெயரைப் பார்த்தாலே தெரியும் எத்தனையில் நின்றது என்று. மூன்றாவதுக்குப் பத்து நாள் கழித்து வயிற்றுப்போக்கு. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து இரண்டு நாள் வீட்டிலேயே மாத்திரை போட்டுக்கொண்டு இருந்தேன், அதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். மூன்றாம் நாள் எண்ணிக்கை பன்னிரண்டைத் தாண்டி ரத்தமும் வந்தது. குடலை என் டி செல்களே பதம் பார்த்திருக்கின்றன. ஸ்டீராய்டு அதிக அளவில், அதற்கும் அடங்காமல் அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்து. பதினோரு கிலோ போயிற்று. தைராய்டும் போயிற்று, இன்றுவரை காலையில் லெவோதைராக்சின் மாத்திரை.

நான் ஒருத்தன்தான் துரதிருஷ்டசாலி என்று நினைத்தேன், அப்புறம்தான் தெரிந்தது, செக்மேட்-067 சோதனையில் இந்தச் சேர்க்கையைப் பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வந்திருக்கிறது. பத்து வருட முடிவில் உயிரோடு இருந்தவர்கள் சேர்க்கையில் 43 சதவீதம், நிவோலுமாப் மட்டும் எடுத்தவர்களில் 37. அந்த ஆறு சதவீதத்துக்காக இந்த அவதியா என்று கேட்டால், உயிரோடு உட்கார்ந்து இதை டைப் அடிக்கிற எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி படுக்கையில் கேட்டிருந்தால் "வேண்டாம்" என்றிருப்பேன்.

ஒரு நல்ல செய்தி: பக்கவிளைவால் பாதியில் நிறுத்தியவர்களுக்கும் பலன் பெரிதாகக் குறையவில்லை என்று பிறகு கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் ஸ்கேன் சுத்தமாகத்தான் இருக்கிறது, இது ஆறாவது வருடம்.

இரவுப்பணி

புற்றுநோய் வார்டு நர்ஸ். மூன்று_டோஸ் சொன்னதில் ஒன்றை எல்லாரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வைத்தியம் பார்க்காதீர்கள். புது இருமல், மூச்சுவாங்கல், வயிற்றுப்போக்கு, தாங்க முடியாத சோர்வு, நெஞ்சில் ஏதாவது, உடனே போன். நடு இரவில் அவசரப் பிரிவுக்குப் போனால் "கேன்சருக்கு மருந்து ஓடுகிறது" என்று சொல்லாதீர்கள், அவர்கள் கீமோ என்று நினைத்துக் கிருமித்தொற்றை மட்டும் தேடுவார்கள். "இம்யூனோதெரபி" என்ற சொல்லையே சொல்லுங்கள். மருந்தை நிறுத்தி மாதக்கணக்கில் ஆன பிறகும் வரலாம், அப்போதும் சொல்லுங்கள்.

ரேடியேஷனுக்குப் பின் இம்யூனோதெரபி எடுப்பவர்களுக்கு நுரையீரல் அழற்சி வந்தால் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது எங்கள் டாக்டர்களுக்கே கஷ்டம். அதையும் மனதில் வையுங்கள்.

"இம்யூனிட்டி கூட்டும்" மாத்திரை, கஷாயம், பவுடர் வாங்கி வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இதெல்லாம் எங்களிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். கல்லீரல் எண்கள் ஏறிவிட்டால் மருந்தா பவுடரா என்று எங்களுக்குத் தெரியாது, நிறுத்துவது மருந்தைத்தான்.

சாளரம்

என் கணவருக்கு மல்டிபிள் மைலோமா, எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய். அதற்கு லெனலிடோமைடு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த சமயத்தில் பெம்ப்ரோலிசுமாப் பற்றிப் படித்துவிட்டு இதையும் சேருங்கள் என்று நான் டாக்டரோடு சண்டையே போட்டேன். அவர் அசையவில்லை, எனக்குக் கோபமான கோபம். 2017இல் அதே சேர்க்கையைச் சோதித்த இடங்களில், சேர்த்தவர்கள் பக்கம் சாவு அதிகம் என்று தெரிந்து அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. நிறுத்தச் சொல்லிவிட்டது. கணவர் இன்றும் இருக்கிறார். அந்த டாக்டர் ஓய்வுபெற்றுவிட்டார், மன்னிப்புக் கேட்க வாய்ப்பில்லாமல் போய்விட்டது.

பின்வரிசை

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். சரி, ரேடியேஷனோடு சேர்க்க வேண்டாம். ஆனால் ரேடியேஷன் தொடங்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. சும்மா இருக்கிற இந்தப் பத்து நாளில் ஒரே ஒரு டோஸ் முன்கூட்டியே போட்டுவிட்டால்? இன்னொரு இடத்தில் கேட்டபோது போடலாம் என்கிறார்கள். நாளை அழைத்துப் போகலாமா என்று யோசிக்கிறேன்.

இரவுப்பணி

வேண்டாம், பொறுங்கள். முதல் பதிவில் "இன்னொரு ரிப்போர்ட்" என்று எழுதினீர்களே, அது என்ன? அப்பா புகை பிடிப்பவரா?

பின்வரிசை

இல்லை, வாழ்நாளில் தொட்டதில்லை. சீட்டில் ஏதோ ஜீன் டெஸ்ட் என்று இருக்கிறது, இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. என்று வரிசையாக. பயாப்சித் துண்டையே அனுப்பியிருக்கிறார்கள்.

ஆய்வகத்து_எலி

அது வரும்வரை ஒரு டோஸும் வேண்டாம் என்று உங்கள் டாக்டரே சொல்வார், நாளைக்கே கேளுங்கள். புகைக்காதவர், அடினோகார்சினோமா என்றால் கட்டியை வளரத் தூண்டும் இ.ஜி.எஃப்.ஆர். ஜீன் மாற்றம் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்தக் கட்டிகள் பொதுவாக இம்யூனோதெரபிக்கு அவ்வளவாக மசிவதில்லை, நான் மேலே சொன்ன கீநோட்-189இலும் அவர்களைச் சேர்க்கவே இல்லை. அவர்களுக்கென்று ஒசிமெர்டினிப் என்ற மாத்திரை இருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயம். இம்யூனோதெரபியும் ஒசிமெர்டினிபும் ஒத்துப்போகாத ஜோடி. ஒன்றாகக் கொடுத்துப் பார்த்ததில் நுரையீரல் அழற்சி அதிகமாகி சோதனையையே நிறுத்தினார்கள். ஒன்றாகக்கூட வேண்டாம், இம்யூனோதெரபி முதலில், ஒசிமெர்டினிப் பிறகு என்று போனாலே ஆபத்து. 2019இல் ஒரு குழு பழைய கேஸ்களைப் பார்த்தபோது, அந்த வரிசையில் எடுத்த 41 பேரில் 6 பேருக்குக் கடுமையான பாதிப்பு, இடைவெளி மூன்று மாதத்துக்குள் இருந்தவர்களில் விகிதம் இன்னும் அதிகம். ஒசிமெர்டினிப் முதலில், இம்யூனோதெரபி பிறகு எடுத்த 29 பேரில் ஒருவருக்கும் இல்லை. உடம்பிலிருந்து இம்யூனோதெரபி மருந்து அவ்வளவு சீக்கிரம் போகாது, ஒரு டோஸ்தானே என்று நினைக்க முடியாது.

கேள்விக்குறி

இந்த ஒரு விஷயத்தில் எலியோடு நான் முழுக்க உடன்படுகிறேன். வரலாற்று நிகழ்வு, குறித்துக்கொள்ளுங்கள்.

பின்வரிசை

(எட்டு நாள் கழித்து)

ரிப்போர்ட் வந்துவிட்டது. இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருக்கிறது, எக்ஸான் 19 நீக்கம் என்ற வகை. பி.டி-எல்1 60 சதவீதம்.

டாக்டர் இம்முறை உட்காரவைத்துப் பேசினார், நான் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனதும் ஒரு காரணம். பி.டி-எல்1 அவ்வளவு இருக்கிறதே, டுர்வாலுமாப் கேட்குமே என்றேன். இந்த மாற்றம் இருக்கும்போது அந்த எண்ணை நம்ப முடியாது என்றார். திட்டம் மாறிவிட்டது: கீமோ-ரேடியேஷன் அப்படியே, அது முடிந்ததும் இம்யூனோதெரபி கிடையாது, ஒசிமெர்டினிப் மாத்திரை தினமும், ஒரு வருடம் என்று கணக்கில்லை, நோய் வளராமல் இருக்கும்வரை. லாரா என்ற சோதனையைச் சொன்னார், நோய் வளராமல் இருந்த காலம் மாத்திரையில் 39.1 மாதம், இல்லாதவர்களுக்கு 5.6.

அந்த ஒரு டோஸை அன்றைக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் "மாத்திரை தொடங்க ரொம்பவே யோசித்திருப்பேன்" என்றார்.

இம்யூனோதெரபி கேட்டு வந்தேன், அது இல்லாமலே போகிறேன்.

கேள்விக்குறி

நல்ல செய்தி. ஒன்று மட்டும், அந்த 5.6 மாதம் டம்மி மாத்திரை எடுத்தவர்களுடையது, டுர்வாலுமாபோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்கவில்லை. ஆனாலும் நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் எடுப்பேன்.

இரவுப்பணி

மாத்திரை தொடங்கிய பிறகும் இருமல், மூச்சுவாங்கல் விதி அப்படியே. ரேடியேஷனுக்குப் பின் இந்த மாத்திரையிலும் அழற்சி வரும், பெரும்பாலும் லேசாகத்தான் இருக்கும், ஆனாலும் சொல்லிவிடுங்கள். தோலில் தடிப்பு, நகக்கண்ணில் வலி, இதெல்லாம் சகஜம்.

பின்வரிசை

நாளை முதல் ரேடியேஷன். கதிரறை, ஒரு சின்னக் கேள்வி. முகத்தை மூடி ஏதோ முகமூடி மாட்டுவார்கள் என்று அப்பா எங்கேயோ கேட்டுவிட்டு பயந்து உட்கார்ந்திருக்கிறார்.

கதிரறை

அது தலை, கழுத்துக்காரர்களுக்கு. அப்பாவுக்கு முகத்தில் ஒன்றும் இருக்காது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும், அவ்வளவுதான். தோள்பட்டை வலி ஏதாவது இருந்தால் படுப்பதற்கு முன்பே சொல்லச் சொல்லுங்கள், பாதியில் கையை இறக்கினால் திரும்ப முதலிலிருந்து சரிபார்க்க வேண்டியிருக்கும்.